மனநல மருத்துவமனை இருந்த இடத்தில் வீடு வாங்கலாமா?

இங்கிலாந்தில் பழைய மனநல மருத்துவமனை ஒன்று கிராமமாக மாறியிருக்கிறது, அங்கே வீடு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஊரில் பெரியவர்களிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று நினைக்கிறேன். எனக்கும் அதே கவலைதான்.

நான் இருப்பது பெட்ஃபோர்ட்ஷயரில், லெட்ச்வொர்த்துக்குப் பக்கத்து ஃபேர்ஃபீல்டில். 1860இல் திறந்த மருத்துவமனை. பெட்ஃபோர்ட், ஹார்ட்ஃபோர்ட், ஹன்டிங்டன் என மூன்று மாவட்டத்து நோயாளிகளும் இங்கேதான் வந்தார்கள். இப்படிப்பட்டவற்றையெல்லாம் மூட வேண்டும் என்று சுகாதார அமைச்சர் ஈனாக் பவல் 1961இல் முழங்கினார். இதை மூட 1999 ஆகிவிட்டது. பிறகு பழைய கட்டடத்தில் அடுக்கு வீடுகள், சுற்றிலும் புது வீடுகள்.

அம்மாவிடம் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொன்னது என் தவறு. "கீழ்ப்பாக்கத்திலேயே வாங்கியிருக்கலாமே, விமானச் செலவாவது மிச்சம்" என்றார். இங்கே வந்தபோது திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்து நான்கு மூலையிலும் தூவினார்.

மூன்றாம் நாள் பழைய கட்டடத்தின் எதிரே பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி. அங்கே நர்ஸாக இருந்தவராம். உள்ளே அரை மைல் நீள நடைக்கூடம், ஒரு கோடியில் ஊற்றிய தேநீர் மறு கோடிக்குப் போவதற்குள் ஆறிவிடும் என்று சிரித்தார். நான் மொழிபெயர்த்தேன். அம்மா ஒன்றுதான் கேட்டார்: நோயாளிகளைப் பார்க்க வீட்டிலிருந்து யாராவது வருவார்களா? சிலருக்கு வருவார்கள் என்றார் பாட்டி. அதன் பிறகு திருநீற்றுப் பொட்டலம் பையைவிட்டு வெளியே வரவில்லை.

பேய் உண்டா இல்லையா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் பார்த்ததில்லை, அவ்வளவுதான். வீட்டுத் தரகும் எனக்குத் தொழில் அல்ல.

நீங்கள் பயப்பட வேண்டியது பத்திரத்துக்குத்தான். அதில் எழுதியிருப்பதைக் காட்டி, புல் வெட்டவும் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆண்டுக் கட்டணம் கேட்பார்கள். உள்ளாட்சி வரி தனி. எங்கள் கட்டணம் ஏன் கூடியது என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினேன். பதிலாக வந்தது அடுத்த பில்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரி வீடு" என்று சொந்தபந்தம் முழுவதும் பரப்பிய என் மைத்துனர், இப்போது கோடைதோறும் குடும்பத்தோடு வந்து அந்தக் கட்டடத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார். வரும்போது ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வாங்கி வருவதில்லை.