மேற்கு பார்த்த தேக்குக் கதவில் வார்னிஷ் ஏன் ஒரே வருடத்தில் உரிகிறது?

வார்னிஷ் மட்டமானது என்பதால் மட்டும் உரிவதில்லை. நிறமற்ற பூச்சு வழியே புற ஊதாக் கதிர் உள்ளே போய், மரத்தின் மேற்பரப்பிலுள்ள லிக்னினை (மர நார்களை ஒட்டவைக்கும் பொருள்) சிதைக்கிறது. பிடிமானம் போனதும் படலம் செதிலாகக் கழலும். அதன் மேலேயே இன்னொரு கோட் அடிப்பது வீண்செலவு.

பழையதை முழுக்கச் சுரண்டி, சொரசொரப்பான 80 எண்ணில் தொடங்கி 120, 180 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டு, நரைத்த பகுதி போய்ப் புது மரம் தெரியும்வரை தேயுங்கள். மெலமைன், பிரெஞ்ச் பாலிஷ் இரண்டும் வீட்டுக்குள் மட்டும்தான். பெயிண்டர் என்ன சொன்னாலும் வெயிலில் நிற்காது. யூவி (புற ஊதா) தடுப்பு சேர்த்த, வெளிப்புறத்துக்கான பியூ (பாலியூரிதேன்) பூச்சு வாங்குங்கள். லேசாக நிறம் கலந்தது இன்னும் நல்லது, நிறமியே கதிரை மறிக்கும். மெல்லியதாக 3 கோட், கோட்டுகளுக்கு நடுவே 320 எண் உப்புத்தாள். கதவின் மேல், கீழ் விளிம்புகளை விட்டுவிடாதீர்கள். ஈரம் ஏறுவது அங்கேதான். பளபளப்பு மங்கியதுமே, வெடிப்பு வருமுன், லேசாகத் தேய்த்து ஒரு கோட் கொடுத்தால் மறுபடி சுரண்டும் வேலை மிச்சம்.