கரண்ட் போயிட்டு வந்ததுல இருந்து பிரிண்டர் ஆஃப்லைன்னு காட்டுது, என்ன பண்ணலாம்?

கேள்வி இதுதான்: வீட்டுல ஒரு யூஎஸ்பி லேசர் பிரிண்டர், அத ஒரு சின்ன பிரிண்ட் சர்வர் பெட்டில (யூஎஸ்பி பிரிண்டர வீட்டு நெட்வொர்க்ல சேத்து விடுற கருவி) மாட்டி, பெட்டில இருந்து ரூட்டருக்கு கேபிள் போகுது. நாலு மாசம் நல்லா ஓடிச்சு, போன வாரம் கரண்ட் போயிட்டு வந்ததுல இருந்து ஆஃப்லைன்னே நிக்குது, டிரைவர மூணு தடவ அழிச்சுப் போட்டாச்சு, பேசாம புது பிரிண்டர் வாங்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க.

வாங்காதீங்க. டிரைவரையும் இனிமே தொடாதீங்க. நாலு மாசம் ஒழுங்கா ஓடுன டிரைவர் கரண்ட் போனதுக்காக கெட்டுப் போகாது. கெட்டது பெரும்பாலும் அட்ரஸ் தான். உங்க கம்ப்யூட்டர் ஒரு வீட்டு நம்பர எழுதி வச்சுக்கிட்டு அங்கயே போய்க் கதவத் தட்டுது, பெட்டி வேற வீட்டுக்குக் குடி போயாச்சு.

எங்க வீட்டுல இதே மாதிரி ஒருநாள் நடந்தது, அத சொல்றேன், அதுலயே வழியும் இருக்கு. அப்பா எங்க தெரு நலச்சங்கத்துல செயலாளர், மறுநாள் காலைல கூட்டம், முப்பது நோட்டீஸ் அடிக்கணும். சாயந்தரம் கரண்ட் போய் ஒரு மணி நேரம் கழிச்சு வந்தது, அதுக்கப்புறம் பிரிண்டர் அசையவே இல்ல. பெட்டியோட ஐபி அட்ரஸ், அதாவது ரூட்டர் குடுக்கற அந்த வீட்டு நம்பர், 192.168.1.7னு நான் ஏற்கனவே குறிச்சு வச்சிருந்தேன். கமாண்ட் விண்டோவத் திறந்து அந்த நம்பருக்கு பிங் (இருக்கியான்னு கேக்கற கமாண்ட்) அடிச்சேன், பதில் வந்தது. அப்போ நெட்வொர்க் சரியா இருக்கு, பிரிண்டர்லதான் கோளாறுன்னு முடிவு பண்ணி டோனர் எடுத்து ஆட்டி, யூஎஸ்பி கேபிள் மாத்தி, ஒரு மணி நேரம் போச்சு. அப்பா பக்கத்துலயே சேர் போட்டு உக்காந்திருந்தார், ஒரு வார்த்த பேசல, அதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்தது.

அப்புறம்தான் தோணுச்சு, பதில் வந்தது சரி, யார் கிட்ட இருந்து வந்ததுன்னு பாக்கலையேன்னு. ஏஆர்பி, ஒரு ஸ்பேஸ், மைனஸ் ஏ-ன்னு ஒரு கமாண்ட் இருக்கு, அது ஒவ்வொரு ஐபிக்கும் நேரா அந்த கருவியோட சொந்த அடையாள எண்ணான மேக் அட்ரஸ் என்னன்னு காட்டும். பெட்டியத் திருப்பிப் போட்டு டார்ச் அடிச்சு அடியில இருக்க ஸ்டிக்கர படிச்சா கடைசி ரெண்டு எழுத்து 4டி. ஸ்க்ரீன்ல 192.168.1.7க்கு நேரா முடியிறது பி8. அது பெட்டியே இல்ல. அன்னிக்கு ஊர்ல இருந்து வந்திருந்த அத்தையோட போன்! கரண்ட் போனதும் ரூட்டர் யாருக்கு எந்த நம்பர் குடுத்தோம்ங்குற கணக்க மறந்துட்டு, புதுசா வந்த போனுக்கு அந்த 7அ தூக்கிக் குடுத்திருக்கு, பெட்டிக்கு 11 குடுத்திருக்கு. பிங்குக்கு பதில் சொன்னது போன். பிரிண்ட் வேலைய போன் கிட்ட அனுப்பினா அது என்ன செய்யும்?

அதனால நீங்க செய்ய வேண்டியது: பிரவுசர்ல ரூட்டரோட செட்டிங்ஸ் பக்கத்தத் திறந்து லாகின் பண்ணி, கனெக்ட் ஆயிருக்க கருவிகள் லிஸ்ட்ல உங்க பெட்டி ஸ்டிக்கர்ல இருக்க மேக் அட்ரஸ தேடுங்க, அதுக்கு நேரா இருக்கறதுதான் இப்போதைய ஐபி. லிஸ்ட்லயே இல்லன்னா பெட்டிய மட்டும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ஏன்னா கரண்ட் வரும்போது பெட்டி சீக்கிரம் எழுந்துடும், ரூட்டர் ரெண்டு மூணு நிமிஷம் எடுக்கும், நம்பர் குடுக்க ஆள் இல்லாம பெட்டி 169.254ல ஆரம்பிக்கற ஒரு நம்பர தானே போட்டுக்கும், இல்லன்னா கம்பெனில வச்ச நம்பருக்கே போயிடும். ஐபி கெடச்சதும் விண்டோஸ்ல பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், அதுல போர்ட்ஸ் டேப், கன்ஃபிகர் போர்ட், அங்க பழைய நம்பர அழிச்சுட்டு புதுசப் போடுங்க. அதோட நிறுத்தாதீங்க, ரூட்டர் செட்டிங்ஸ்ல டிஹெச்சிபி (கருவிகளுக்கு நம்பர் குடுக்கற வேலை) பக்கத்துல அட்ரஸ் ரிசர்வேஷன்னு இருக்கும், அதுல பெட்டியோட மேக்கையும் ஐபியையும் சேத்து எழுதி வச்சிடுங்க, இனி எத்தன தடவ கரண்ட் போனாலும் அந்த நம்பர் வேற யாருக்கும் போகாது.

நம்பர் சரியா இருந்தும் ஆஃப்லைன்னே காட்டுதுன்னா அதே கன்ஃபிகர் போர்ட் விண்டோல கீழ எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்னு ஒரு டிக் இருக்கும், எடுத்து விட்ருங்க. விண்டோஸ் அந்த வழியாதான் நீ உயிரோட இருக்கியான்னு பெட்டிய கேக்கும், நெறய சின்ன பெட்டிகளுக்கு அந்தக் கேள்விக்கு பதில் சொல்லத் தெரியாது, பதில் வரலன்னா விண்டோஸ் அது ஆஃப்லைன்னு எழுதிடும், பெட்டி நல்லாத்தான் இருக்கும். இந்த ஒரு டிக்னாலயே நல்ல பிரிண்டர் எத்தனையோ மூலைக்குப் போயிருக்கும், எனக்கு அது நெஜமாவே வருத்தம்.

அந்த இடத்துலயே பிரிண்ட் வேலைய எந்த முறைல அனுப்பணும், ராவா (Raw) எல்பிஆரான்னு (LPR) கேட்டிருக்கும். ரான்னா போர்ட் நம்பர் 9100, எல்பிஆர்னா 515. எல்பிஆர்க்கு க்யூ (வேலைங்க வரிசையா நிக்கற இடம்) பேர் ஒன்னு சரியா அடிக்கணும், பெட்டியோட புக்லெட்ல எல்பி1 மாதிரி எதாவது போட்டிருப்பாங்க, பேர் தப்புன்னா வேலை போய்ச் சேராது. பெட்டி ரெண்டும் ஏத்துக்கும்னா ரா போதும்.

இவ்வளவு நாள் அனுப்பி அனுப்பி கம்ப்யூட்டரோட க்யூவுல பழைய வேலைங்க தேங்கி நிக்கும், முன்னாடி நிக்கறது நகராம பின்னாடி வர்றது போகாது. விண்டோஸ் சர்வீசஸ்ல அந்த வரிசையப் பாத்துக்கற பிரிண்ட் ஸ்பூலர நிறுத்திட்டு, சி டிரைவ்ல விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்க ஃபைல்கள மட்டும் அழிங்க, ஃபோல்டர அழிச்சுடாதீங்க, அப்புறம் ஸ்பூலர மறுபடி ஓட விடுங்க.

இதெல்லாம் பண்ணியும் வரலன்னா பிரிண்டர பெட்டில இருந்து கழட்டி நேரா கம்ப்யூட்டர்ல மாட்டி ஒரு பக்கம் அடிச்சுப் பாருங்க. அங்க அடிக்குது, பெட்டி வழியா அடிக்கலன்னா அப்போதான் பெட்டிய சந்தேகப்படணும், அதோட கரண்ட் அடாப்டரையும்.

பிரிண்டர மாத்தலாமான்னு கேட்டதுக்கு இன்னொன்னு. எல்லா பிரிண்டரும் பெட்டியோட ஒத்துப் போகாது. ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி சில மாடல் ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டர் கிட்ட இருந்து ஃபர்ம்வேர (பிரிண்டர் ஓடத் தேவையான உள் மென்பொருள்) வாங்கிக்கிட்டுதான் வேலைய ஆரம்பிக்கும், கேனான் எல்பிபி2900 மாதிரி சிலது கம்ப்யூட்டரோட ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டே இருக்கணும், சாதாரண பெட்டி ஒரு பக்கம் தள்ளி விடுறதோட சரி. உங்களுது நாலு மாசம் ஓடிருக்கு, அதனால அந்தப் பிரச்சன உங்களுக்கு இல்ல, ஆனா அவசரப்பட்டு புதுசு வாங்குனா அந்த மாதிரி ஒன்னு கைக்கு வந்து சேரலாம், அப்போ என்ன பண்ணாலும் அந்த பெட்டி வழியா அடிக்காது. மொதல்ல ஸ்டிக்கர் நம்பரையும் ரூட்டர் லிஸ்ட்டையும் ஒப்பிட்டுப் பாத்துட்டு என்ன இருந்துச்சுன்னு சொல்லுங்க.