கெழுதகைமை: கேள்வி பதில்

கேள்வி: கெழுதகைமை என்றால் நட்புதானே ஐயா?

பதில்: இல்லை. நட்பு பழகி முற்றியபின் அதற்குள் விளைகிற உரிமை அது. 804ஆம் குறளே இதற்கு நல்ல விளக்கம்: ‘விழைதகையான் வேண்டி இருப்பர் கெழுதகையாற் கேளாது நட்டார் செயின்.’ நண்பர் நம்மைக் கேளாமலே ஒன்றைச் செய்துவிடுகிறார். நாமும் அதை விரும்பி ஏற்கிறோம். அந்தக் ‘கேளாது’தான் இச்சொல்லின் உயிர். பரிமேலழகரும் உரிமை என்றே உரை சொல்கிறார். ‘உரிமை எடுத்துக்கொண்டார்’ என்று இன்று சொல்கிறோமே, அதுதான்.

கேள்வி: சொல் எப்படிப் பிறந்தது?

பதில்: கெழு + தகைமை. கெழுமுதல் என்றால் பொருந்துதல், நிறைதல். ‘உருகெழு’ என்பது அச்சம் பொருந்திய என்று பொருள்படும். ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்று தொல்காப்பியம் சொல்லும் நிறப்பொருளை இங்கே இழுத்து வந்து ‘நட்பின் நிறம்’ என்று பொருள் கட்டாதீர்கள்.

கேள்வி: கேளிர், கேண்மை எல்லாம் இதே வேர்தானே?

பதில்: அல்ல. அவை கேள் என்னும் சொல்லின் வழி வந்தவை. ழகரமா ளகரமா என்று பார்க்காமல் வேர் தேடவே கூடாது.

கேள்வி: வழக்கில் ழகரமும் ளகரமும் மயங்குகின்றனவே. கேண்மையும் ழகர வேரில் பிறந்து திரிந்திருக்கலாம் அல்லவா?

பதில்: சொற்கள் சேரும் புணர்ச்சி விதி இடம் தராது. ஆள் + மை ஆண்மை ஆவதுபோலக் கேள் + மை கேண்மை ஆகிறது. ழகர ஈறு அப்படித் திரிவதில்லை: கீழ் + மை கீழ்மை, தாழ் + மை தாழ்மை. ழகர வேராக இருந்தால் நமக்குக் கேழ்மை அல்லவா கிடைத்திருக்கும்? பழைமை அதிகாரத்தையே பாருங்கள். 802, 803இல் கெழுதகைமை. 809இல் ‘கெடாஅ வழிவந்த கேண்மையார் கேண்மை’. பத்தே குறளுக்குள் வள்ளுவர் இரண்டையும் வேறு வேறு வேலைக்கு வைத்திருக்கிறார். கேண்மை உறவு, கெழுதகைமை அந்த உறவு தரும் உரிமை.

கேள்வி: கேளிரும் கெழுவும் ஒன்று என்றே படித்திருக்கிறேன்.

பதில்: மேலே சொல்லிவிட்டேன். ழகரம், ளகரம்!

கேள்வி: குழந்தைக்கு இச்சொல்லிலிருந்து ஒரு பெயர்?

பதில்: பெயர் சூட்டுவது என் துறை அன்று.

கேள்வி: யாரிடமும் இந்த உரிமையை எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அரசரை அண்டி வாழ்வோருக்கு 700ஆம் குறள் சொல்கிறது: ‘பழையம் எனக்கருதிப் பண்பல்ல செய்யும் கெழுதகைமை கேடு தரும்.’ ‘நட்பிற்கு உறுப்பு’ என்று 802ஆம் குறள் சொல்லும் அதே கெழுதகைமை, அரசரிடம் கேடாகிறது.