இங்கிலாந்தில் சட்ட உதவி ஒப்பந்தம் யாருக்குக் கிடைக்கிறது? குறைந்த தொகை கேட்பவருக்கா?

"சட்ட உதவி வழக்குகளை இங்கிலாந்து அரசு டெண்டர் விட்டுத் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறதாமே, ரோடு போடுகிற வேலை மாதிரி குறைந்த தொகை போட்டவருக்குத்தான் கொடுப்பார்களா?" என்பது கேள்வி.

இல்லை. இந்த டெண்டரில் தொகை எழுதுகிற கட்டமே கிடையாது. முதன்முறை படிவத்தைத் திறந்தபோது நானும் அதைத்தான் தேடினேன்.

கிழக்கு லண்டனில் ஒரு சின்னச் சட்டத்தரணி நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். பிறகு அகதி வழக்குகளின் கோப்பு வேலைக்கு வந்தேன். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் வரும்" என்று டெண்டர் வேலையும் என் தலையில் விழுந்தது. 2018, 2024 என்று இரண்டு சுற்றுகளுக்கு நான்தான் விண்ணப்பம் நிரப்பினேன். நான் சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் நிலவரம். ஸ்காட்லாந்தில் முறை வேறு.

எங்கள் ஆட்களுக்கு இந்த ஏற்பாடே புதிதாக இருக்கும். இலங்கையில் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு தானே சட்டத்தரணிகளை வேலைக்கு வைத்து வழக்குப் பேசுகிறது. தமிழ்நாட்டில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞருக்கு வழக்கை ஒதுக்குகிறார்கள். இங்கே 1949-இல் சட்டம் வந்த நாளிலிருந்தே வேலையைச் செய்வது பெரும்பாலும் தனியார் சொலிசிட்டர்கள்தான். ஆரம்பத்தில் எந்தச் சொலிசிட்டர் வேண்டுமானாலும் செய்யலாம், கணக்கை அனுப்பினால் காசு வரும். 2000-க்குப் பிறகு ஒப்பந்தம் உள்ளவர் மட்டுமே செய்யலாம் என்று ஆனது. 2013 ஏப்ரலிலிருந்து அந்த ஒப்பந்தங்களைக் கொடுப்பது நீதி அமைச்சின் கீழ் இருக்கும் லீகல் எய்ட் ஏஜென்சி.

சரி, தொகை போடாமல் எப்படி டெண்டர்? கட்டணத்தை அரசு சட்ட விதிகளிலேயே எழுதி வைத்திருக்கிறது. அகதி விண்ணப்பத்தின் முதற்கட்ட வேலைக்கான நிலையான கட்டணம் பல வருடங்கள் 413 பவுணாக இருந்தது. நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கும் அதே 413, ஆறு பேர் இருக்கும் எங்களுக்கும் அதே 413. ஆகவே ஏஜென்சி கேட்பது எவ்வளவுக்குச் செய்வாய் என்று அல்ல, செய்கிற தகுதி இருக்கிறதா என்றுதான்.

முதலில் நிறுவனத்தின் சாதகம் பார்ப்பார்கள்: வரி பாக்கி, தண்டனை, கணக்கு வழக்கு. அதில் தேறினால்தான் அடுத்த பகுதி. ஒவ்வொரு சட்டத்துறைக்கும் நாட்டைத் தனித்தனியாகக் கூறு போட்டு வைத்திருக்கிறார்கள். குடிவரவுக்கு ஒரு வரைபடம், வீட்டு வழக்குக்கு இன்னொன்று. நீங்கள் கேட்கும் கூறுக்குள் உங்களுக்கு அலுவலகம் இருக்க வேண்டும். லெக்செல் அல்லது ஸ்பெஷலிஸ்ட் குவாலிட்டி மார்க் என்ற தரச்சான்று வேண்டும். குடிவரவு வேலை செய்கிறவர்கள் சொலிசிட்டர்களின் சங்கமான லா சொசைட்டியின் தேர்வு எழுதித் தேறியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், மேற்பார்வையாளர் வேண்டும். அந்தத் துறையில் வருடத்துக்கு 350 மணி நேரம் வழக்கு வேலை செய்த கணக்கு அவரிடம் இருக்க வேண்டும். ஒருவருக்குக் கீழ் நாலு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. தேறியவருக்கு இத்தனை 'மேட்டர் ஸ்டார்ட்' என்று ஒதுக்குவார்கள். அதாவது வருடத்துக்கு இத்தனை புதுக் கோப்புகள் திறக்கலாம் என்ற உரிமை. காசு முன்கூட்டிக் கைக்கு வராது. கோப்பைத் திறந்து வேலை செய்து கணக்குக் கொடுத்தால்தான் வரும்.

மேற்பார்வையாளர் விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. டெண்டர் போடும் நாளில் ஆள் இருக்க வேண்டியதில்லை, ஒப்பந்தம் தொடங்கும் நாளில் இருந்தால் போதும். அதனால் பல நிறுவனங்கள் இன்னும் கிடைக்காத ஆளை நம்பி விண்ணப்பம் போடும். அந்த மாதங்களில் மேற்பார்வையாளர் தகுதி உள்ளவருக்கு இருக்கும் கிராக்கி, கல்யாணச் சந்தையில் டொக்டர் மாப்பிள்ளைக்கு இருக்கும் கிராக்கி. 2018-இல் எங்களிடம் இருந்த ஒரே ஆளை, ஒப்பந்தம் தொடங்க ஆறு வாரம் இருக்கையில் ஒரு பெரிய நிறுவனம் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நிறுவனத்தை நடத்தும் அக்கா தானே அந்த 350 மணி நேரக் கணக்கைத் தேடி, பழைய கோப்புகளை இரவிரவாகக் கிண்டி எடுத்தார். அவரிடம் அந்தத் தேர்வுத் தகுதி ஏற்கெனவே இருந்ததால் தப்பினோம்.

இன்னொன்று, நேரம். இணையத்தில் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறது என்றால் மூடியதுதான். தவறாகக் கொடுத்த பதிலைப் பிறகு திருத்த விட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் என்பது கொள்முதல் விதிகளின் நியாயம். படிவத்தின் ஒரு கட்டத்தில் பிழையாக 'ஆம்' போட்டதால் இருபது வருட அனுபவம் வெளியே நின்ற கதைகள் இந்தத் தொழிலில் உண்டு.

விலைப் போட்டியைக் கொண்டுவர அரசு முயலவே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2006-இல் சட்ட உதவிக் கொள்முதலை ஆராய்ந்து கார்ட்டர் பிரபு அரசுக்குக் கொடுத்த அறிக்கையே சந்தைப் போட்டிதான் வழி என்றது. 2013 ஏப்ரலில் கிறிஸ் கிரேலிங் நீதி அமைச்சராக இருந்தபோது, கிரிமினல் வழக்குகளுக்கு விலைப் போட்டி என்று அறிவித்தார். அப்போதைய கட்டணத்திலிருந்து 17.5 சதவீதம் குறைத்து, அதுதான் உச்சவரம்பு, அதற்கும் கீழே கேளுங்கள் என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் தன் சட்டத்தரணியைத் தானே தேர்ந்தெடுக்க முடியாது என்றும் இருந்தது. எடி ஸ்டோபார்ட் என்ற லாரிக் கம்பனியின் பெயர் கொண்ட ஒரு நிறுவனம்கூட டெண்டர் போடப் போவதாகச் சொன்னது. அந்த வருடம் முழுக்கச் சட்டத்தரணிகள் லாரியை வைத்தே பகிடி விட்டார்கள். எதிர்ப்புத் தாங்காமல் செப்டம்பரில் விலைப் போட்டியைக் கைவிட்டார்கள். கட்டணத்தை மட்டும் வெட்டினார்கள்: 2014 மார்ச்சில் 8.75 சதவீதம், 2015 ஜூலையில் மறுபடியும் அவ்வளவு.

அப்புறம் வந்தது இன்னும் பெரிய கூத்து. விலை வேண்டாம், தரத்துக்கு மதிப்பெண் போடுவோம் என்று பொலிஸ் நிலைய முறைவேலைக்கு (பிடிபட்டவருக்குச் சட்டத்தரணிகள் முறை வைத்து உதவும் வேலை) 85 பகுதிகளில் 527 ஒப்பந்தங்கள் மட்டும் என்று வைத்தார்கள். அப்போது இந்த வேலையைச் செய்துகொண்டிருந்த நிறுவனங்கள் சுமார் 1,600. மூன்றில் ஒன்றுதான் தேறும். கட்டுரை மாதிரிப் பதில்கள் எழுதச் சொல்லித் திருத்தினார்கள். 2015 அக்டோபரில் முடிவு வந்ததும், திருத்தியவர்கள் சட்டம் தெரியாத தற்காலிக ஊழியர்கள் என்று உள்ளே வேலை செய்த ஒருவரே வெளியே சொன்னார். அரசுக்கு எதிராக 99 வழக்குகள் வந்தன. 2016 ஜனவரியில் அடுத்த நீதி அமைச்சர் மைக்கேல் கோவ் முழுத் திட்டத்தையும் தூக்கிப் போட்டார். தரத்தைக் காகிதத்தில் அளப்பது விலையை அளப்பதைவிடக் கஷ்டம் என்று நான் நம்புவது இதனால்தான். 2010-இல் குடும்ப வழக்கு டெண்டரிலும் இதே கதை. சுமார் 2,400 அலுவலகங்கள் 1,300 அளவுக்கு வந்தன. மதிப்பெண் தரும் தகுதி எது என்பதைத் தகுதி பெற நேரம் இல்லாத அளவுக்குத் தாமதமாகச் சொன்னார்கள் என்று லா சொசைட்டி வழக்குப் போட்டு வென்றது. 2018-இல், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குகளுக்கான நீதிமன்ற முறைவேலையில் 113 பகுதிகளை 47 ஆக்கி, விலைப் போட்டியையும் நுழைக்கப் பார்த்தார்கள். அதையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டால் சரியா? அதுவும் இல்லை. குடிவரவுத் தடுப்பு முகாம்களில் ஆலோசனை சொல்லும் வேலையைச் சில நிறுவனங்கள் மட்டும் செய்துவந்தன. 2018-இல் அதை 70-க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்தார்கள். முறை வரும் வாரத்தில் மட்டும் தலைகாட்டும் நிறுவனங்களின் வேலையைப் பற்றிக் கைதிகளுக்கு உதவும் அமைப்புகள் நிறையக் குறை சொன்னார்கள். உண்மையில் தரத்தைப் பார்ப்பது ஒப்பந்தம் கொடுத்த பிறகுதான். அனுபவமுள்ள வேறு சட்டத்தரணிகள் எங்கள் கோப்புகளை எடுத்துப் படித்து ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடுவார்கள். ஒன்று சிறப்பு, ஐந்து படுதோல்வி. எங்களுக்கு ஒருமுறை மூன்று வந்தது. அக்கா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

இப்போதைய உண்மை நிலைமை கேள்வி கேட்டவர் நினைப்பதற்கு நேர் எதிர். குடிவரவு, வீடு போன்ற துறைகளில் தகுதி உள்ளவர் கேட்டால் பெரும்பாலும் ஒப்பந்தம் கிடைக்கும். கேட்கத்தான் ஆள் இல்லை. சிவில் கட்டணம் 1996-க்குப் பிறகு நீண்ட காலம் ஏறவில்லை, 2011 அக்டோபரில் 10 சதவீதம் குறைத்தும் விட்டார்கள். 2024 நவம்பரில்தான் இந்த இரண்டு துறைகளுக்கும் கட்டணத்தை உயர்த்தப் போவதாக அறிவித்தார்கள். வீட்டு வழக்குக்குச் சட்ட உதவி தரும் ஒரு நிறுவனம்கூட இல்லாத உள்ளூராட்சிப் பகுதிகளில் மக்கள் தொகையில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாக லா சொசைட்டி கணக்குச் சொல்கிறது.

2024 சுற்று வந்தபோது அக்கா கேட்டார்: "தம்பி, இந்த முறை போடுவமோ, விடுவமோ?" வீட்டு வழக்கை விட்டோம், குடிவரவுக்கு மட்டும் போட்டோம். கிடைத்தது. போன வாரம் தென்மேற்கு இங்கிலாந்தின் டெவனிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் அழைத்தான். அங்கே அவன் கேட்ட இடமெல்லாம் இடமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எங்கள் மேட்டர் ஸ்டார்ட் கணக்கைப் பார்த்தேன், பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கோப்பைத் திறந்து வேலை பார்க்கத்தான் ஆள் இல்லை. அவன் நம்பரை எழுதி வைத்திருக்கிறேன்.