ஏர்லைன் பைலட்டா, கம்பெனி பைலட்டா?

அன்புள்ள ஐயா,

என் மகள் இந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கணக்கு, இயற்பியல் எடுத்துப் படித்தவள். பைலட் ஆகவேண்டும் என்று எட்டாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். கொஞ்சம் கடன் வாங்கினால் செலவைச் சமாளித்துவிடலாம். பெங்களூரில் இருக்கும் என் மைத்துனர், “ஏர்லைன் வேலை பஸ் ஓட்டுகிற மாதிரி. பெரிய முதலாளிகளின் சொந்த விமானத்தை ஓட்டினால் அதே சம்பளம், வேலையும் குறைவு, பெரிய மனிதர்கள் பழக்கமும் கிடைக்கும்” என்கிறார். இரண்டுக்கும் உரிமம் வேறு வேறா? சம்பளத்தில் எவ்வளவு வித்தியாசம்? எதற்கு என்று படிக்கவைப்பது? நீங்கள் இரண்டையும் ஓட்டியவர் என்பதால் கேட்கிறேன்.

செ., நாமக்கல்

அன்புள்ள செ.,

உரிமத்தில் ஆரம்பிக்கிறேன். ஏர்லைனுக்கு ஒன்று, கம்பெனி விமானத்துக்கு ஒன்று என்று, நாட்டின் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் டிஜிசிஏ தனித்தனியாக எதுவும் கொடுப்பதில்லை. இரண்டுக்கும் சிபிஎல் எனப்படும் வணிக விமானி உரிமம்தான் வாசல். 18 வயது ஆகியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் 100 மணி தானே பொறுப்பேற்று ஓட்டியது. விமானச் சட்டம், நேவிகேஷன், வானிலை, டெக்னிக்கல் என்று எழுத்துத் தேர்வுகள், ரேடியோ உரிமம், கிளாஸ் 1 மருத்துவச் சான்று. இந்த 200 மணிக்குள் 300 கடல் மைல் பயணம் ஒன்றும் வரும். வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி, நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். எந்த பைலட்டைக் கேட்டாலும் அன்றைக்கு மேகம் எப்படி இருந்தது என்பதுவரை சொல்வார்.

வித்தியாசம் அடுத்த படியில்தான் வருகிறது. சிபிஎல் வைத்திருப்பவர் 5700 கிலோ எடைவரை உள்ள விமானத்துக்கு கேப்டனாக இருக்கலாம். அதற்கு மேல் கோ-பைலட்தான். பெரிய விமானத்தில் கேப்டனின் இடதுபக்க இருக்கை வேண்டுமென்றால் ஏடிபிஎல் எனப்படும் அடுத்த நிலை உரிமம் வாங்க வேண்டும். அதற்கு 21 வயதும் 1500 மணி நேரமும் ஆகியிருக்க வேண்டும், தேர்வும் தனி. பெரிய ஏர்லைன்களில் பேச்சே இல்லை, எல்லா விமானமும் அந்த எடையைத் தாண்டியதுதான். கம்பெனி விமானங்களில் கொஞ்சம் சுவாரசியம் உண்டு. இந்தியாவில் முதலாளிகளும் மாநில அரசுகளும் விரும்பி வாங்கும் கிங் ஏர் பி200 விமானத்தின் உச்ச எடை 5670 கிலோ. 30 கிலோ வித்தியாசத்தில் சிபிஎல் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதே வரிசையில் சற்றே நீளமான கிங் ஏர் 350 விமானத்துக்கு உச்ச எடை 6804 கிலோ, அதற்கு ஏடிபிஎல் வேண்டும். ஆனால் 200 மணிக்காரரை நம்பித் தன் குடும்பத்தை ஏற்றிவிட எந்த முதலாளியும் தயாராக இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனியும் ஒத்துக்கொள்ளாது. பல ஆயிரம் மணி நேரம் உள்ளவரைத்தான் கேட்பார்கள்.

எதற்கு என்று படிக்கவைப்பது என்ற கேள்விக்கு இதிலேயே பாதி பதில் வந்துவிட்டது. புதிதாக உரிமம் வாங்கியவர்களைக் கூட்டமாக எடுப்பது ஏர்லைன்கள்தான். கம்பெனி விமானங்களில் கோ-பைலட் இடம் எப்போதாவது ஒன்று காலியாகும், அதுவும் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமாகத்தான் போய்ச் சேரும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஏர்லைனில் வருடத்துக்கு 700, 800 மணி நேரம் பறப்பது சாதாரணம். சட்டம் அனுமதிப்பது 1000. கம்பெனி விமானத்தில் 300 மணி வந்தாலே நல்ல வருடம். ஏடிபிஎல்லுக்கான 1500 மணியை ஏர்லைனில் இரண்டு வருடத்தில் எட்டுகிறவர், கம்பெனி விமானத்தில் நான்கைந்து வருடம் காத்திருக்க வேண்டும்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். சிபிஎல் முடிக்க அரைக் கோடியை ஒட்டி ஆகும். அப்புறம் ஏர்பஸ் 320 போன்ற ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதற்கு இன்னும் 15, 20 லட்சம். இதையும் பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான் போட வேண்டியிருக்கும். தொழில்முதலாளிகள் வைத்திருக்கும் ஜெட்களில் பலவற்றுக்கு சிமுலேட்டர் வெளிநாட்டில்தான். கம்பெனியே அனுப்பிவைக்கும், பதிலுக்கு இத்தனை வருடம் விட்டுப்போகமாட்டேன் என்று பாண்டு எழுதி வாங்கிக்கொள்ளும்.

சம்பளம். ஏர்லைனில் ஃபர்ஸ்ட் ஆபீசராக, அதாவது கோ-பைலட்டாகச் சேர்ந்து, பயிற்சியெல்லாம் முடிந்து வழக்கமான பயணங்களில் பறக்க ஆரம்பித்தபின் மாதம் 1.5 லட்சத்திலிருந்து ஆரம்பித்து ஏறும். கேப்டன் ஆனபின் 5, 6 லட்சத்தைத் தாண்டும். இதில் ஒரு பகுதி நிலையான சம்பளம், மீதி பறந்த மணிக்கணக்குக்கு. கம்பெனி விமானத்தில் பறந்தாலும் பறக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரே தொகை. பெரிய ஜெட்டின் அனுபவமுள்ள கேப்டன் ஏர்லைன் கேப்டனுக்குச் சமமாக வாங்குவார், சிலர் கூடவும் வாங்குகிறார்கள். கிங் ஏர் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு வராது. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே மாதக் கணக்கில் ஏர்லைன் விமானிகளின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 2,26,600 டாலர், மற்ற வணிக விமானிகளுக்கு 1,22,670 டாலர். இரண்டாவது கணக்கில் வயலுக்கு மருந்தடிக்கிறவர், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றுகிறவர் எல்லோரும் சேர்ந்திருப்பதால் அதைக் கம்பெனி ஜெட் விமானியின் சம்பளம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

“வேலை குறைவு” என்று உங்கள் மைத்துனர் சொல்வதைப் படித்துச் சிரித்துவிட்டேன். பறப்பதுதான் குறைவு. காலை ஆறு மணிக்கு விமானத்தின் இன்ஜின் உறைகளைக் கழற்றுவது நாங்கள். ஐஸ் பெட்டியும் செய்தித்தாளும் ஏறியதா என்று பார்ப்பது நாங்கள். பெட்டிகளைத் தூக்கி வைத்து எடைக் கணக்குப் போடுவதும் நாங்கள்தான். ஒரு மணி நேரம் பறந்து ஏதாவது சின்ன ஊரில் இறங்குவோம். முதலாளி ஃபேக்டரிக்குப் போய்விடுவார், நான்கு மணிக்குக் கிளம்பலாம் என்பார். ஐந்தரைக்கும் வரமாட்டார். அந்த ஊர் விமான நிலையம் ஆறு மணிக்கு மூடுகிறதென்றால், வாட்ச் ஹவரை, அதாவது நிலையம் திறந்திருக்கும் நேரத்தை, நீட்டித் தரச்சொல்லி கண்ட்ரோலருக்கும் அதிகாரிகளுக்கும் போன்மேல் போன் போட்டுக்கொண்டிருப்போம். ரோஸ்டர் என்று ஒரு வேலை அட்டவணை காகிதத்தில் இருக்கும், உண்மையான ரோஸ்டர் முதலாளியின் செயலாளருடைய கைபேசி. என் வீட்டில் அந்த எண்ணைப் பார்த்தாலே முகம் மாறிவிடும்.

ஏர்லைனிலும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்கி, அலுத்துப்போய்த்தான் வீட்டுக்கு வருவோம். ஆனால் எத்தனை மணிக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது எழுதப்பட்டிருக்கிறது, அதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வாராந்திர ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கங்களையும் குறைத்த புதிய விதிகள் 2025-இல் முழுதாக நடைமுறைக்கு வந்தன. அந்த டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. ஓய்வு விதிக்குத் தக்கபடி ஆள் போதவில்லை. பிறகு தற்காலிகமாக விலக்குக் கொடுத்தார்கள், அது எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் விதிக்குப் பல் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்த்தோம். ஓய்வு விதி கம்பெனி விமானம் ஓட்டும் எங்களுக்கும் உண்டு. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர் விமானியே, கேட்க வேண்டியவர் சம்பளம் கொடுக்கிறவர்.

மைத்துனரின் பஸ் உவமையை அவர் எண்ணாத பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். பஸ்ஸில் ஏறியவர் டிரைவரிடம் “இன்னும் வேகமாகப் போ” என்று சொல்ல முடியாது. முதலாளி காரில் சொல்லலாம். இரண்டு வேலைகளுக்கும் உள்ள பெரிய வித்தியாசமாக நான் பார்ப்பது இதைத்தான்.

2001 மார்ச் 29 அன்று லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து கொலராடோவில் உள்ள ஆஸ்பெனுக்கு வாடகைக்கு எடுத்த கல்ஃப்ஸ்ட்ரீம் 3 ஒன்று கிளம்பியது. பயணிகள் வந்து சேர்ந்ததே தாமதம். ஆஸ்பென் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது. சூரியன் மறைந்து 30 நிமிடத்துக்குப் பிறகு அந்த வகை விமானம் அங்கே இறங்க அனுமதி இல்லை. வேறு ஊருக்குத் திருப்ப வேண்டியிருக்கலாம் என்று சொன்னதும் வாடகைக்கு எடுத்தவருக்குக் கோபம் வந்தது, ஆள்மூலம் விமானக் கம்பெனிக்கே சொல்லி அனுப்பினார். பனி பெய்துகொண்டிருந்தது. முன்னால் போன விமானங்கள் ஓடுபாதை தெரியாமல் மேலே ஏறித் திரும்பியிருந்தன. இவர்கள் விமானத்திலோ, விமானிகளுக்கு நடுவில் இருந்த இருக்கையில் பயணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஓடுபாதை கண்ணில் படாமலேயே, இறங்கக்கூடாத உயரத்துக்குக் கீழே இறங்கினார்கள். 18 பேரும் இறந்தார்கள். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விமானிகளின் செயலைத்தான் முதல் காரணம் என்றது. துணைக் காரணங்களில், வாடிக்கையாளரிடமிருந்து கேப்டனுக்கு வந்த அழுத்தத்தையும் எழுதியது.

ஏர்லைன் கேப்டன் வானிலை சரியில்லை என்று வேறு ஊரில் இறக்கினால் 180 பேர் திட்டுவார்கள், ட்விட்டரில் எழுதுவார்கள். அவர் சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது. கம்பெனி விமானத்தில் “இன்றைக்குப் போக முடியாது சார்” என்று சொல்கிறவர், ஆறடி பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரே ஆளிடம் சொல்கிறார். நான் கண்ட முதலாளிகளில் பெரும்பாலோர் கண்ணியமானவர்கள், சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். ஒருவர் மட்டும் ஒரு மழைக்காலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு காரில் போனார், அடுத்த மாதமே வேறு பைலட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார். 23 வயதில் அதைத் தாங்கிச் சொல்லும் தெம்பு எல்லோருக்கும் வராது. ஏர்லைனில் பத்து வருடம், தன் பின்னால் ஒரு முழு ஏற்பாடு நிற்கிறது என்ற தைரியத்தில் முடியாது என்று சொல்லிப் பழகியவர்களுக்கு, பின்னாளில் தனியாகவும் சொல்ல வருகிறது.

அதனால் ஏர்லைனில் ஆரம்பிக்கட்டும் என்பேன். கேப்டன் ஆகி, சில ஆயிரம் மணி சேர்ந்தபின், மனம் போனால் கம்பெனி விமானத்துக்குப் போகலாம். பல ஊர், பல வகை ஓடுபாதை, கையால் ஓட்டும் சுகம் எல்லாம் அங்கே கூடுதல்தான். மாறுவது உடனே நடக்காது. ஏர்லைன் வேலையிலிருந்து விலக கோ-பைலட் 6 மாதமும் கேப்டன் 1 வருடமும் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது டிஜிசிஏ விதி.

ஏர்லைன் என்றால் நிரந்தரம் என்றும் நினைக்க வேண்டாம். 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் நின்றன. இன்னொரு ஏர்லைனில் சேர்ந்தால் சீனியாரிட்டி வரிசையில் கடைசியில் போய் நிற்க வேண்டும். கம்பெனி விமானத்தில் முதலாளி விமானத்தை விற்றால் அன்றோடு வேலை முடிந்தது. ஆகவே கடனை எழுதும்போது இரண்டு வருடம் வேலை இல்லாமலும் தவணை கட்ட முடியுமா என்று பட்டறைக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் பணம் கட்டாதீர்கள். முதலில் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 பரிசோதனை, அது முடிந்ததும் கிளாஸ் 1. பெங்களூரில் விமானப்படையின் விமான மருத்துவக் கழகத்திலேயே செய்கிறார்கள். கண்ணாடி போட்டிருந்தால் கவலையில்லை. நிறப்பார்வைக் குறைபாடு இருந்தால்தான் சிக்கல், அது பலருக்கு அங்கே போய்த்தான் தெரியவருகிறது. அட்மிஷன் ஆள் “இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது” என்று சொன்னாலும் கிளாஸ் 1 கைக்கு வந்தபின் பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.