மீட்பு 98 விழுக்காடு, ஆனாலும் ஆர்சனிக் அளவு குறைகிறதே, ஏன்?

கேள்வி: நிலத்தடி நீரில் உள்ள ஆர்சனிக்கை ஹைட்ரைடு முறையில் (ஆர்சனிக்கை ஆர்சைன் என்ற வாயுவாக மாற்றி) அணு உறிஞ்சல் நிறமாலைமானியைக் கொண்டு அளக்கிறோம். தரக்கரைசல்களை (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்களை) ஆர்சனிக் டிரையாக்சைடிலிருந்து தயாரிக்கிறோம். ஒரு மாதிரியில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் கிடைத்தது. வேறொரு ஆய்வகம் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து அளப்பது) 12 என்கிறது. மாதிரியில் தரக்கரைசலைச் சேர்த்துப் பார்த்தால் மீட்பு, அதாவது சேர்த்ததில் திரும்ப அளக்கப்படும் பங்கு, 98 விழுக்காடு வருகிறது. எதை நம்புவது?

பதில்: உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம் என்பதால், இந்த வேறுபாட்டை அப்படியே விட்டுவிடக் கூடாது. ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியிலும் பிழை நேரலாம். நீரில் குளோரைடு மிகுந்திருந்தால் ஆர்கானும் குளோரினும் இணைந்து ஆர்சனிக்கின் நிறை எண்ணான 75-லேயே தோன்றும். இந்த இடையூறைக் குறைக்கும் ஹீலியம் மோதல் கலத்தைப் பயன்படுத்தினார்களா என்று அந்த ஆய்வகத்திடம் கேளுங்கள். ஆயினும் என் ஐயம் உங்கள் முறையின் மீதுதான்.

டிரையாக்சைடிலிருந்து வருவது மூவிணைதிற (+3 நிலை) ஆர்சனிக். காற்றுப்பட்ட நீரிலோ, நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சேமித்த மாதிரியிலோ பெரும்பகுதி ஐந்திணைதிற (+5 நிலை) ஆர்சனிக்காகவே இருக்கும். ஆர்சைனை உருவாக்கச் சேர்க்கும் சோடியம் போரோஹைட்ரைடுடன் இது மெதுவாக வினைபுரிவதால், அதே செறிவிலும் 193.7 நானோமீட்டரில் கிடைக்கும் உறிஞ்சல் உச்சம் தாழ்ந்தும் அகன்றும் வரும். நீங்கள் சேர்த்ததோ மூவிணைதிற ஆர்சனிக். அது முழுமையாக ஆர்சைனாக மாறிவிடுவதால் மீட்பு சிறப்பாகத் தெரிகிறது, மாதிரியில் ஏற்கெனவே இருந்த ஆர்சனிக் குறைவாக அளக்கப்படுவதை அது காட்டிக்கொடுப்பதில்லை. இந்த மீட்புச் சோதனையை மட்டும் நம்பி அறிக்கை தருவது ஆபத்தானது என்றே கருதுகிறேன்.

உறுதிசெய்ய, ஒரே செறிவில் இரு நிலைகளின் கரைசல்களையும் தயாரித்து, உச்சங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேறுபாடு தெரிந்தால் முன் ஒடுக்கம் (அளப்பதற்கு முன் ஐந்திணைதிற ஆர்சனிக்கை மூவிணைதிறமாக்குவது) தேவை: 10 மில்லிலிட்டர் மாதிரிக்கு 1 மில்லிலிட்டர் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும், பொட்டாசியம் அயோடைடும் அஸ்கார்பிக் அமிலமும் தலா 5 விழுக்காடு கொண்ட கரைசல் 1 மில்லிலிட்டரும் சேர்த்து, அறை வெப்பநிலையில் 45 முதல் 60 நிமிடங்கள் வையுங்கள். தரக்கரைசல்களும் வெற்றுக்கரைசலும் (ஆர்சனிக் சேர்க்காதது) இதே வழியில்தான் செல்ல வேண்டும். கரைசலில் பழுப்பு நிறம் நிலைத்திருந்தால் அயோடின் விடுபட்டிருக்கிறது என்று பொருள்; நைட்ரிக் அமிலம் போன்ற ஆக்சிஜனேற்றிகள் மிஞ்சியிருக்கின்றன, அஸ்கார்பிக் அமிலம் போதவில்லை.

இனி மீட்புச் சோதனைக்கு ஐந்திணைதிற ஆர்சனிக்கையே, அதுவும் ஒடுக்கத்துக்கு முன்பே, சேர்த்துவிடுங்கள். அப்போதும் மீட்பு குறைந்தால் நீரில் தாமிரமோ நிக்கலோ மிகுந்துள்ளதா என்று பாருங்கள். இவை ஆர்சைன் உருவாவதைத் தடுக்கும்.