புது ஆபீஸுக்கு நெட்வொர்க், போன் கேபிள்: கேள்வி பதில்

கோவை வாசகர்: மூன்று மாடி ஆபீஸ் கட்டுகிறோம் சார். போனுக்குத் தனி ஒயர், நெட்டுக்குத் தனி கேபிள் என்று எலக்ட்ரீஷியன் கொட்டேஷன் தந்திருக்கிறார். சரிதானா?

வேண்டாம். சுவருக்குள் போவது எல்லாமே கேட்6 (நான்கு முறுக்கு ஜோடி உள்ள நெட்வொர்க் கேபிள்) ஆக இருக்கட்டும், ஒரு மேஜைக்கு இரண்டு பாயிண்ட். எது போன், எது கம்ப்யூட்டர் என்பதை ரேக்கில் (ஸ்விட்ச் எல்லாம் பூட்டி வைக்கும் சட்டம்) பேட்ச் கார்டை (சிறு இணைப்புக் கேபிள்) மாற்றி முடிவு செய்துகொள்ளலாம். பழைய அனலாக் போனுக்கு வேண்டியது நடு ஜோடி மட்டும்தான். ஈபிஏபிஎக்ஸ் (ஆபீஸின் உள் போன் எக்ஸ்சேஞ்ச்) லைனை க்ரோனிலிருந்து (போன் ஒயர்கள் வந்து சேரும் இணைப்புப் பலகை) பேட்ச் பேனலுக்குக் (மேஜைக் கேபிள்கள் ரேக்கில் வந்து முடியும் பலகை) கொண்டுவந்தால் அதுவும் கேட்6-இல் ஓடும். ஆனால் இரண்டு ஜோடி போன் ஒயரில் பின்னாளில் கிகாபிட் ஓட்ட முடியாது. அதற்கு நான்கு ஜோடியும் வேண்டும்.

மாடிக்கு ஒரு ரேக் அறை, மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக வரட்டும். பேட்ச் பேனலிலிருந்து மேஜைப் பாயிண்ட் வரை 90 மீட்டர், இருபக்க பேட்ச் கார்டும் சேர்த்து 100. பிளானில் ஸ்கேல் வைத்து நேர்கோடாக அளக்காதீர்கள். கேபிள் ஏறி, இறங்கி, சுற்றிப் போகும் முழுத் தூரமும் கணக்கில் வரும். மாடிக்கு மாடி ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்). கரண்ட் ஒயர் போகும் பைப்பில் கேட்6-ஐ விடவே கூடாது. கடந்துதான் ஆக வேண்டுமென்றால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

திருப்பூர் வாசகர்: கேட்6 என்று பாதி விலைக்கு ஒரு பெட்டி கிடைக்கிறது. வாங்கலாமா?

ஒரு கம்பியின் மேல்தோலைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை அதிகம். பிஓஇ-யில், அதாவது நெட்வொர்க் கேபிள் வழியாகவே, கேமராவுக்கும் போனுக்கும் மின்சாரம் அனுப்பும்போது கேபிள் சூடாகும், போய்ச் சேரும் வோல்ட்டும் குறையும். பஞ்ச் செய்யும் (கம்பியைக் கருவியால் அழுத்திப் பொருத்தும்) இடத்தில் ஒடியவும் ஒடியும். தொடாதீர்கள்.

சேலம் வாசகர்: 568ஏ-வா, 568பி-யா?

இரண்டும் எட்டுக் கம்பியைப் பொருத்தும் நிற வரிசைதான், எதுவானாலும் சரி. கட்டடம் முழுக்க ஒன்றே இருக்கட்டும்.

சென்னை வாசகர்: ஐபி போனில் (நெட்வொர்க் வழியாகப் பேசும் போன்) இரண்டு போர்ட் இருக்கிறதே, போன் வழியாகவே கம்ப்யூட்டருக்கு எடுத்தால் ஒரு பாயிண்ட் போதாதா? பாதிச் செலவு மிச்சம்.

மிச்சமாவது கேபிளும் ஸ்விட்ச் போர்ட்டும்தான். ஆள்கூலியில் பெரிதாக ஒன்றும் குறையாது. விலை குறைந்த பல ஐபி போன்களில் அந்த போர்ட் 100 எம்பிபிஎஸ்தான். கிகாபிட் ஸ்விட்ச் வாங்கி வைத்தும் கம்ப்யூட்டர் 100-இல் ஓடும். போன் ரீஸ்டார்ட் ஆனால் கம்ப்யூட்டரின் இணைப்பும் அறுந்துபோகும்.

மதுரை வாசகர்: குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். நான் போன் லைன் வேலை பார்ப்பவன். கரண்ட் போனால் ஐபி போன் செத்துவிடும், அனலாக் பேசும். தனி ஒயரை அப்படித் தூக்கிப் போடலாமா?

அண்ணா, நியாயமான கேள்வி. லிஃப்டுக்கும் செக்யூரிட்டி அறைக்கும் அனலாக் லைன் இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதற்கும் ஈபிஏபிஎக்ஸ் பேட்டரியில் இருக்க வேண்டும். அதேபோல ரேக்கில் பிஓஇ ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் கொடுத்தால் மாடியில் உள்ள ஐபி போன் எல்லாமே பேசும்.

சென்னை வாசகர்: போன் கிகாபிட் மாடலாக இருந்தால்?

அப்போதும் இரண்டு பாயிண்ட்தான். சுவரைப் பூசிய பிறகு ஒன்றைச் சேர்க்க ஆகும் செலவை விசாரித்துவிட்டு வாருங்கள்.

ஈரோடு வாசகர்: டெஸ்டரில் எட்டு லைட்டும் வரிசையாக எரிகிறது. ஆனாலும் வேகம் இல்லை.

ஐ.ஓ-வைத் (சுவர் சாக்கெட்) திறந்து நிறத்தைப் பாருங்கள். ஒரு ஜோடி 3, 6-ஆம் பின்களில் உட்கார வேண்டும். 1-2, 3-4, 5-6, 7-8 என்று வரிசையாக அடித்திருப்பார்கள். இருமுனையும் அப்படியே இருப்பதால் லைட் டெஸ்டருக்குத் தெரியாது. 3-உம் 6-உம் வெவ்வேறு முறுக்கில் போவதால் சிக்னல் ஒன்றோடொன்று கலக்கும். அதனால்தான் ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஃப்ளூக் மாதிரி சர்டிஃபிகேஷன் மீட்டரில் (சிக்னல் கலப்பையும் அளக்கும் மீட்டர்) எடுத்த ரிப்போர்ட் வேண்டும் என்று சொல்கிறேன். அதை வாங்காமல் கடைசித் தவணை கொடுக்காதீர்கள்.

கரூர் வாசகர்: சிசிஏ கேபிள் விலை மலிவாக இருக்கிறதே...

அதே செம்பு பூசிய அலுமினியம்தான். மேலே திருப்பூர்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஓசூர் வாசகர்: எதிரே குடோன், 60 மீட்டர். கேட்6 போதுமா?

தூரம் போதும், ஆனால் ஃபைபர் போடுங்கள். இரண்டு கட்டடத்துக்கும் எர்த் வேறு. இடி விழுந்தால் செம்பு வழியாக வந்து இருபக்க ஸ்விட்சையும் எரித்துவிடும்.

நாமக்கல் வாசகர்: எந்த கேமரா நல்லது?

கேமரா ஆளைக் கேளுங்கள். கேபிள் மட்டும் முழுச் செம்பு, பாயிண்டுக்கு ரிப்போர்ட்.